சம்பளச் சீட்டு: அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களுக்குப் பட்ட கடனும் அதிலிருந்து உருவான அரசும் (1775–1790)

எடுத்துக்கொண்ட நிகழ்வு

பதின்மூன்று அமெரிக்கக் காலனிகள் பிரிட்டனை எதிர்த்து விடுதலை பெற்றதும், பிறகு கூடி ஒரு தேசிய அரசை அமைத்ததும் பலரும் படித்த வரலாறு. அந்தக் காலத்தை இந்த ஆய்வு ஒரே ஒரு கணக்கின் வழியாகப் பின்தொடர்கிறது: படையில் சேர்ந்த சாதாரண வீரனுக்கு வரவேண்டிய சம்பளம் என்ன ஆனது? குறிப்பாக, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து போருக்குப் போய்த் திரும்பிய உழவர்களின் நிலைமை. இவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் படைப் பட்டியல்களிலும் நீதிமன்ற ஏடுகளிலும் மட்டுமே தங்கியிருக்கின்றன. இங்கும் பெயர் சொல்லாமல் ஒரு கூட்டமாகவே அவர்களைப் பார்க்கிறோம்.

காலனிகள் ஏன் பிரிந்தன என்பதற்கு விடை பலரிடமும் உண்டு. பிரிந்தபின் ஏன் ஒரே அரசாகச் சேர்ந்தன என்று கேட்டால் அத்தனை எளிதில் விடை வருவதில்லை. அந்த விடையின் பெரும்பகுதி இந்தச் சம்பளப் பாக்கியில் இருக்கிறது என்பது என் கருத்து.

பின்னணி: வரியில் தொடங்கிய சண்டை

1763இல் பிரான்சுடனான ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் சுமார் 13 கோடி பவுண்டு. அதில் ஒரு பகுதியைக் காலனிகளிடமிருந்து ஈடுகட்ட லண்டன் முடிவு செய்தது. 1765இல் முத்திரைத்தாள் சட்டம் வந்தது. செய்தித்தாள், நீதிமன்ற ஆவணம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் வரி. எங்கள் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றம் எங்கள்மேல் வரி போடக்கூடாது என்று காலனிகள் எதிர்த்தன. சட்டம் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது, ஆனால் வரி போடும் உரிமையை லண்டன் விடவில்லை. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. தண்டனையாக 1774இல் துறைமுகம் மூடப்பட்டது, மாசசூசெட்ஸின் தன்னாட்சி உரிமைகளும் வெட்டப்பட்டன.

அந்தக் கோடையில் மேற்கு மாசசூசெட்ஸில் நடந்ததைக் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். 1774 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கிரேட் பேரிங்டன், ஸ்பிரிங்ஃபீல்டு, வூஸ்டர் ஊர்களில் உழவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மன்னரின் நீதிமன்றங்களைக் கூடவிடாமல் தடுத்தார்கள். வூஸ்டரில் நீதிமன்ற அதிகாரிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, இரு பக்கமும் நின்ற மக்களின் நடுவே நடந்து, பதவி விலகுவதாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடப்படாமல், போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் மோதலுக்கு ஏழு மாதம் முன்பே, அங்கே மன்னராட்சி முடிந்துவிட்டது. அநியாயச் சட்டத்தை நிறுத்த வேண்டுமென்றால் நீதிமன்றத்தைக் கூடவிடாதே என்பது அந்த ஊர்களுக்குப் பழகிய வழியானது. அன்று அதை எல்லோரும் தேசப்பற்று என்று பாராட்டினார்கள்.

போர்க்காலம்: அச்சடித்த பணம்

1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் சண்டை மூண்டது. காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடிய சபையான காங்கிரஸ், ஜூனில் ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதியாக்கியது. படை உண்டு, தளபதி உண்டு, கொடுக்கப் பணம் இல்லை. வரி எதிர்ப்பில் பிறந்த இயக்கத்தின் காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரத்தைக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. எனவே பணத்தை அச்சடித்தார்கள். முதல் தவணை 20 லட்சம் டாலர். 1779 முடிவதற்குள் அச்சடித்தது சுமார் 24 கோடி டாலர். 1780 மார்ச்சில், 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர்தான் என்று காங்கிரஸே ஒப்புக்கொண்டது.

சாதாரண வீரனின் சம்பளம் மாதம் ஏழு டாலருக்குச் சற்றுக் குறைவு. அதுவும் பல மாதம் வராது. வந்தால் மதிப்பிழந்த காகிதமாக வரும். ஊரில் அவன் மனைவி அந்தக் காகிதத்தை நீட்டினால் கடைக்காரர் வாங்கமாட்டார். 1777–78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் நோயால் மட்டும் சுமார் 2,000 பேர் இறந்தார்கள். எதிரி ஒரு முறைகூட அந்த முகாமைத் தாக்கவில்லை. உடையும் உணவும் போதாமல் இருந்ததும் அத்தனை உயிர் போனதற்கு ஒரு காரணம்.

1781 ஜனவரியில் பென்சில்வேனியாப் படைப்பிரிவு சம்பளப் பாக்கியையும், ஒப்பந்தக்காலம் முடிந்ததால் விடுவிப்பையும் கேட்டு முகாமைவிட்டு வெளியேறியது. பிரிட்டிஷார் தூது அனுப்பி ஆசை காட்டினார்கள். வீரர்கள் அந்தத் தூதர்களைப் பிடித்து ஒப்படைத்தார்கள், தங்கள் கோரிக்கையை மட்டும் விடவில்லை. பேச்சுவார்த்தை நடந்து பலர் படைப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். அதே மாதம் நியூ ஜெர்சிப் பிரிவு அதே வழியில் இறங்கியபோது வாஷிங்டன் இன்னொரு படையை அனுப்பினார். தலைமை தாங்கிய இருவரைக் கூட இருந்த வீரர்களைக் கொண்டே சுட்டுக் கொன்றார்கள். இரண்டு கலகங்களிலும் விடுதலை வேண்டாம் என்று சொன்னவர் யாருமில்லை. சம்பளம்தான் கேட்டார்கள்.

வெற்றி வந்த விதம் தெரிந்ததுதான். 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுதாகச் சரணடைந்தது, 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் கூட்டுச் சேர்ந்தது. 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைய பிரெஞ்சுக் கப்பற்படை கடலை மறித்து நின்றது முக்கியக் காரணம். பிரான்ஸ் இறங்கியதால் போர் நம் கரைவரை வந்தது: ஐரோப்பாவில் பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தாகி மாதங்கள் ஆனபின்னும், செய்தி வந்து சேராததால், 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டமைப்பு: கேட்கலாம், வாங்க முடியாது

போரின் நடுவே காங்கிரஸ் எழுதிய கூட்டமைப்பு விதிகள் 1781 மார்ச் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. மேற்கு நிலங்கள் யாருக்கு என்ற தகராறில் மேரிலாந்து கடைசிவரை கையெழுத்திடாமல் இருந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வாக்கு. பெரிய முடிவுகளுக்கு ஒன்பது மாநிலங்கள் வேண்டும், விதியைத் திருத்தப் பதின்மூன்றும் வேண்டும். வரி போடும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பங்குத்தொகை கேட்கலாம், கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. சந்தா வசூலிக்க வழியில்லாத ஊர்ச் சங்கம் எப்படி நடக்கும், அப்படித்தான் நடந்தது.

1781இல் காங்கிரஸ் ஓர் எளிய வழியைக் கேட்டது: இறக்குமதிப் பொருள்களுக்கு ஐந்து சதவீதத் தீர்வை. பன்னிரண்டு மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் சம்மதித்தன. மிகச் சிறிய ரோடு ஐலண்டு 1782 நவம்பரில் மறுத்தது, வர்ஜீனியாவும் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. 1783இல் மறுபடி கேட்டார்கள். இம்முறை தன் துறைமுக வருமானத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத நியூயார்க்கில் போய் நின்றது. இந்த முழு வரலாற்றிலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இது. ஐந்து சதவீதத் தீர்வை 1782இலேயே வசூலாகத் தொடங்கியிருந்தால், சம்பளப் பாக்கிக்காக வீரர்களுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்த சீட்டுக்கு வட்டியாவது கிடைத்திருக்கும். வட்டி வரும் சீட்டை எட்டில் ஒரு பங்கு விலைக்கு யாரும் விற்கமாட்டார்கள்.

1783: காசில்லாமல் கலைந்த படை

1783 மார்ச்சில் நியூபர்க் முகாமில் அதிகாரிகள் பொறுமை இழந்தார்கள். 1780இல் வாக்களித்த ஓய்வூதியம் கிடைக்காது என்ற பயம். பணம் கொடுக்காவிட்டால் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டாம் என்ற பொருளில் பெயர் போடாத கடிதம் ஒன்று சுற்றியது. மார்ச் 15 அன்று வாஷிங்டனே அந்தக் கூட்டத்துக்கு வந்து பேசினார். காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் கடிதத்தைப் படிக்க எடுத்தவர், கண் தெரியாமல் தடுமாறிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். நாட்டுக்கு உழைத்ததில் தலை நரைத்தது, இப்போது கண்ணும் மங்குகிறது என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். பலர் கண் கலங்கினார்கள், எதிர்ப்பு அங்கேயே அடங்கியது. பிறகு அதிகாரிகளுக்கு ஐந்தாண்டு முழுச் சம்பளத்துக்கு ஈடான பத்திரம் தருவதாக முடிவானது.

சாதாரண வீரர்களுக்கு அந்த அளவு பேரம் பேசும் பலம் இல்லை. ஜூனில் அவர்களை விடுப்பு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். படையைக் கூட்டிவைத்துக் கணக்கு முடிக்கப் பணமில்லை, கூட்டிவைத்தால் கலகம் வரலாம் என்ற பயமும் இருந்தது. நிதிப் பொறுப்பாளர் ராபர்ட் மோரிஸ் தன் கையெழுத்திட்ட சீட்டுகளில் மூன்று மாதச் சம்பளம் தர ஏற்பாடு செய்தார். அத்தனை சீட்டுகளையும் அச்சிட்டுக் கையெழுத்திட்டு முகாமுக்கு அனுப்புவதற்குள் நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். கையில் கொண்டுபோனது துப்பாக்கி ஒன்றுதான். அதை வைத்துக்கொள்ள அனுமதித்திருந்தார்கள்.

ஜூன் 21 அன்று சில நூறு வீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சுற்றி வளைத்துச் சம்பளம் கேட்டார்கள். காப்பாற்ற மாநில அரசு முன்வராததால் காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு இடம் பெயர்ந்தது. உலகின் பெரிய வல்லரசைத் தோற்கடித்த நாட்டின் ஆட்சிமன்றம், தன் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் ஊர் மாறியது. செப்டம்பர் 3 அன்று பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டன் விடுதலையை ஏற்றது. டிசம்பர் 23 அன்று அனாபொலிஸில் வாஷிங்டன் தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். படைத்தலைவர் அதிகாரத்தைத் தானாக விட்டுக்கொடுப்பது அன்றைய உலகில் அபூர்வம். அதற்கு நாம் தரவேண்டிய மரியாதையைத் தரத்தான் வேண்டும்.

அப்புறம் வந்தன இறுதிக் கணக்குச் சீட்டுகள். இத்தனை டாலர் பாக்கி, ஆறு சதவீத வட்டி என்று வீரன் பெயரில் எழுதிய காகிதம். எப்போது காசாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊரில் விதைக்கும் மாட்டுக்கும் கடனுக்கும் காசு வேண்டும். வந்த விலைக்கு விற்றார்கள். பவுண்டுக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது எட்டில் ஒரு பங்கு, பரவலாக நடந்த விலை. சில வீரர்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே உடைக்கும் சாப்பாட்டுக்குமாக விற்றுவிட்டார்கள்.

1784–1787: மாசசூசெட்ஸ் மலைக் கிராமங்களில் நடந்தது

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் வணிகர்கள் பாஸ்டன் வணிகர்களுக்குக் கடனில் சரக்கு அனுப்பினார்கள். பாஸ்டன் வணிகர் உள்ளூர்க் கடைக்காரருக்குக் கொடுத்தார், கடைக்காரர் உழவருக்குக் கொடுத்தார். அதே சமயம், 1783 ஜூலையில், மேற்கிந்தியத் தீவுகளின் வணிகத்தை அமெரிக்கக் கப்பல்களுக்குப் பிரிட்டன் மூடிவிட்டது. வெள்ளிக் காசு வந்துகொண்டிருந்த பெரிய வழி அடைபட்டது. லண்டன் வணிகர் ரொக்கம் கேட்க, அந்த நெருக்கடி சங்கிலியாக இறங்கி மலைக் கிராமத்து உழவர் தலையில் வந்து நின்றது. தானியமும் உழைப்பும் கொடுத்துக் கணக்கு நேர்செய்து பழகியவரிடம் வெள்ளிக் காசு எங்கே இருக்கும்?

இந்த நேரத்தில் மாநில அரசு எடுத்த முடிவுதான் நெருக்கடியைக் கலகமாக்கியது. ஆளுநர் ஜேம்ஸ் போடின் காலத்தில் மாநிலத்தின் போர்க் கடனைச் சில ஆண்டுகளிலேயே அடைப்பது என்ற நோக்கில் கனமான நேரடி வரி போட்டார்கள். அதில் ஒரு பெரும்பகுதி தலைவரி. ஏழைக்கும் பணக்காரருக்கும் தலை ஒன்றுதான். அடைக்க நினைத்த அந்தக் கடன் பத்திரங்கள் யாரிடம் இருந்தன? பெரும்பாலும் மலிவாக வாங்கிச் சேர்த்த கடற்கரைப் பகுதி வணிகர்களிடம். ஆக, தன் சீட்டை எட்டில் ஒரு பங்குக்கு விற்ற வீரன், அதை வாங்கியவருக்கு முழு மதிப்பில் வட்டி கொடுப்பதற்காக வரி கட்ட வேண்டியிருந்தது. வரி கட்டாவிட்டால் மாடு ஜப்தி. கடன் கட்டாவிட்டால் வழக்கு, வழக்குச் செலவு, நிலம் ஏலம், சிலருக்குச் சிறை.

உழவர்கள் முதலில் சட்ட வழியில்தான் போனார்கள். ஊர்க் கூட்டம் போட்டு மனு எழுதினார்கள். காகிதப் பணம் வெளியிடுங்கள், வழக்குச் செலவைக் குறையுங்கள், பொருளாகக் கடனைக் கட்ட விடுங்கள் என்பவை முக்கியக் கோரிக்கைகள். 1786 கோடையில் சட்டமன்றம் இவற்றைத் தீர்க்காமலே கலைந்தது. ஆகஸ்டு 22 அன்று ஹாட்ஃபீல்டில் ஐம்பது ஊர்களின் பிரதிநிதிகள் கூடிக் குறைகளைப் பட்டியலிட்டார்கள், வன்முறை வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு வாரத்தில், ஆகஸ்டு 29 அன்று, சுமார் 1,500 பேர் நார்த்தாம்ப்டன் நீதிமன்றத்தைக் கூடவிடாமல் தடுத்தார்கள். தொப்பியில் பசுந்தழைக் கொத்து. விடுதலைப் போர்க்காலத்தில் படை வீரர்கள் அணிந்த அதே அடையாளம். அரசுத் தரப்பினர் தொப்பியில் வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகிக்கொண்டார்கள். 1774இல் செய்ததையே செய்கிறோம் என்று கலகக்காரர்கள் நினைத்தார்கள். அரசு அப்படிப் பார்க்கவில்லை. அப்போது மன்னர் ஆண்டார், இப்போது நீங்களே தேர்ந்தெடுத்த ஆட்சி, எனவே இது துரோகம் என்றார்கள் பாஸ்டன் தலைவர்கள். இந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வாக்குரிமைக்குச் சொத்துத் தகுதி இருந்த மாநிலம் அது. பாஸ்டனுக்குப் பிரதிநிதி அனுப்பும் செலவைத் தாங்க முடியாமல் பல சிறிய மலை ஊர்கள் யாரையும் அனுப்பாமலே இருந்துவிட்டன.

கலகத்தை அடக்கப் படை வேண்டும். காங்கிரஸிடம் பணம் இல்லை, மாநிலக் கருவூலமும் காலி. பாஸ்டன் வணிகர்கள் சொந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். அதில் சுமார் 3,000 பேர் கொண்ட படை கிளம்பியது. 1787 ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கிக் கலகக்காரர்கள் பனியில் நடந்து வந்தார்கள். முன்னே நின்றவர்களில் பலர் பழைய வீரர்கள். பங்கர் ஹில், சரடோகா சண்டைகளில் இருந்த ஒரு முன்னாள் கேப்டன் அவர்களின் தலைவர்களில் ஒருவர். பிற்காலத்தில் கலகத்துக்கே அவர் பெயரை வைத்து ஷேஸ் கலகம் என்றார்கள். கிடங்கைக் காத்த படையும் உள்ளூர்க்காரர்கள்தான், அதன் தளபதியும் விடுதலைப் போரில் சண்டையிட்டவர். முதல் பீரங்கிக் குண்டுகள் தலைக்கு மேலே போயின. அவர்கள் நிற்கவில்லை. அடுத்தது இடுப்பு உயரத்தில் வந்தது. நான்கு பேர் இறந்தார்கள், மற்றவர்கள் திரும்பிச் சுடாமல் ஓடினார்கள். பத்து நாளில், பிப்ரவரி 4 அன்று, இரவெல்லாம் பனிப்புயலில் நடந்துவந்த அரசுப் படை பீட்டர்ஷாம் ஊரில் எஞ்சியவர்களைக் கலைத்தது.

தண்டனையிலும் அரசு இரு மனமாக இருந்தது. கலகத்தில் சேர்ந்தவர்கள் மூன்றாண்டு வாக்களிக்கக் கூடாது, பள்ளி ஆசிரியராகவோ சத்திரக்காரராகவோ இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. ஆனால் அந்த வசந்தகாலத் தேர்தலில் போடின் பெரும் வித்தியாசத்தில் தோற்றார். புதிய ஆட்சி வரியைத் தளர்த்தியது, தலைவர்களுக்கு மன்னிப்பும் கொடுத்தது. தூக்கிலிடப்பட்டவர்கள் இருவர்.

1787: பிலடெல்பியாவில் எடுத்த முடிவுகள்

1786 செப்டம்பரில், கலகம் தொடங்கியிருந்தபோது, வணிகச் சிக்கல்களைப் பேச அனாபொலிஸில் ஒரு மாநாடு கூடியது. ஐந்து மாநிலங்கள்தான் வந்தன. அவர்கள் அடுத்த ஆண்டு எல்லோரும் கூட வேண்டும் என்று அழைப்பு விடுத்துக் கலைந்தார்கள். சாதாரண நாளில் அந்த அழைப்புக்கு எத்தனை பேர் மதிப்புக் கொடுத்திருப்பார்கள் என்பது சந்தேகம். மாசசூசெட்ஸ் செய்தி அதைக் கனமாக்கியது. சொத்துகளைப் பொதுவாக்கப் பார்க்கிறார்கள் என்று மிகைப்படுத்திப் போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸ் எழுதிய கடிதம் வாஷிங்டனைக் கலங்க வைத்தது. ஓய்வில் இருந்தவர் மாநாட்டுக்கு வரச் சம்மதித்ததில் அந்தக் கலக்கத்துக்குப் பங்கு உண்டு.

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, பன்னிரண்டு மாநிலங்களின் 55 பேர் கதவை மூடிக்கொண்டு பேசினார்கள். ரோடு ஐலண்டு வரவே இல்லை. பழைய விதிகளைத் திருத்தக் கூடியவர்கள் புதிதாகவே ஓர் அரசமைப்பை எழுதினார்கள். பெரிய மாநிலம், சிறிய மாநிலம் தகராறு ஜூலை 16 அன்று தீர்ந்தது: ஒரு சபையில் மக்கள்தொகைப்படி இடம், மற்றதில் மாநிலத்துக்கு இரண்டு. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடவும், அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடுக்காமலிருக்கவும் ஒப்புக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பின வீரர்கள் அந்தப் போரில் விடுதலைக்காகச் சண்டையிட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இந்த ஏற்பாடு இன்னும் கசக்கிறது.

நம் நிகழ்வுக்கு நேராகச் சேரும் பிரிவுகள் சில. வரியும் தீர்வையும் விதிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு. கலகத்தை அடக்க மாநிலக் காவற்படையை அழைக்கும் அதிகாரமும் காங்கிரஸுக்கு. மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடக் கூடாது, ஒப்பந்தக் கடமைகளைத் தளர்த்தும் சட்டம் போடக் கூடாது. பழைய கூட்டமைப்பின் கடன்கள் புதிய அரசையும் கட்டுப்படுத்தும். முதலாவதும் கடைசியும் வீரனின் சீட்டுக்கு உயிர் கொடுத்தன. நடுவில் உள்ளவை மலைக் கிராமத்து உழவர்கள் கேட்ட நிவாரணத்தை இனி எந்த மாநிலமும் கொடுக்க முடியாதபடி அடைத்தன.

1788: இரண்டு உழவர்களின் பேச்சு

ஒன்பது மாநிலங்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்று வைத்ததால் ஒற்றை மாநிலத்தின் மறுப்பு இனி எதையும் தடுக்காது. பதின்மூன்றையும் கேட்டு நொந்த அனுபவம் அந்த விதியில் தெரிகிறது.

மாசசூசெட்ஸ் ஒப்புதல் மாநாட்டில் இரண்டு கிராமத்து உழவர்கள் பேசியது பதிவாகியிருக்கிறது. ஒருவர் எதிர்த்தார்: வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் நயமாகப் பேசி இந்த மாத்திரையை நம்மை விழுங்க வைக்கிறார்கள், பிறகு அதிகாரத்தையும் பணத்தையும் கையில் எடுத்துக்கொண்டு சின்னவர்களான நம்மை விழுங்குவார்கள் என்றார். அடுத்து எழுந்தவர் மேற்குக் கோடி மலை ஊர்க்காரர். நான் ஏர் பிடித்துப் பிழைப்பவன், பதவி எதுவும் எனக்கு வேண்டாம் என்று தொடங்கினார். கலகக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களே ஒருவர்மேல் ஒருவர் துப்பாக்கி நீட்டியதைப் பார்த்தேன், ஒழுங்கான அரசு இல்லாவிட்டால் கடைசியில் ஒரு சர்வாதிகாரியிடம்தான் போய் நிற்போம் என்றார். அந்த மாநாட்டிலேயே நேர்மையான இரு குரல்கள் இவை என்று எனக்குப் படுகிறது. இருவர் பயந்ததற்கும் ஆதாரம் இருந்தது.

திருத்தங்களைப் பரிந்துரைக்கிறோம் என்ற உடன்பாட்டோடு 1788 பிப்ரவரி 6 அன்று 187க்கு 168 என்ற கணக்கில் மாசசூசெட்ஸ் ஒப்புக்கொண்டது. ஜூன் 21 அன்று ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர். வர்ஜீனியாவில் 89–79, நியூயார்க்கில் 30–27. கடைசியாக 1790 மே 29 அன்று ரோடு ஐலண்டு, 34–32. அதற்கு முன்பே, 1789 ஏப்ரல் 30 அன்று, வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றிருந்தார். பரிந்துரைத்த திருத்தங்களில் பல உரிமைகள் சாசனமாக 1791இல் சேர்ந்தன.

1790: சீட்டு யாருக்கு?

1790 ஜனவரியில் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் கடன் அறிக்கையை வைத்தார். பழைய சீட்டுகளுக்குப் பதில் வட்டி தரும் புதிய பத்திரங்கள், இன்று கையில் வைத்திருப்பவருக்கே. செய்தி கசிந்ததும், தெற்கு மாநில உள்நாட்டு மக்களுக்குத் தெரியும் முன் சீட்டுகளை வாங்கிவிடக் கப்பல் அனுப்பினார்கள் ஊக வணிகர்கள்.

காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் மாற்று வழி சொன்னார்: இப்போது வைத்திருப்பவருக்குச் சந்தையில் நடந்த மிக உயர்ந்த விலையைக் கொடுப்போம், மீதியை முதலில் சம்பாதித்த வீரனுக்குக் கொடுப்போம். ஹாமில்டன் தரப்பின் பதில்: சீட்டு கைமாறக்கூடியது, விற்றவர் விரும்பி விற்றார், விற்பனையை அரசே செல்லாததாக்கினால் நாளைக்கு யார் கடன் கொடுப்பார்? பிப்ரவரியில் 36க்கு 13 என்று மேடிசன் யோசனை தோற்றது. வாக்களித்தவர்களிலேயே சிலரிடம் அந்தச் சீட்டுகள் இருந்தன.

ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் மாநிலங்களின் போர்க் கடனையும் மத்திய அரசு ஏற்கச் செய்தது. தலைநகரைப் பொட்டோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவது என்ற பேரத்தில் அதற்கு வாக்குகள் கிடைத்தன. மாசசூசெட்ஸுக்கு ஒதுக்கிய அளவு 40 லட்சம் டாலர்.

பின்விளைவுகள்

இங்கே எதிர்பாராத ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். மாநிலக் கடன் மத்திய அரசிடம் போனதும் மாசசூசெட்ஸின் நேரடி வரி வெகுவாகக் குறைந்தது. கடனை இனித் துறைமுகத் தீர்வை அடைத்தது. மலைக் கிராமங்கள் துப்பாக்கியோடு கேட்டும் கிடைக்காத வரிக்குறைப்பு, அவற்றில் பல எதிர்த்து வாக்களித்த அரசமைப்பின் வழியாக வந்து சேர்ந்தது. எனவே ஹாமில்டன் திட்டம் வீரர்களை ஏமாற்றியது என்ற ஒற்றை வரியில் இதை முடிக்க முடியாது. உழவன் என்ற முறையில் அவனுக்கு நன்மை, சீட்டை விற்ற வீரன் என்ற முறையில் நட்டம்.

ஆனால் 1791இல் மதுபானத்துக்குப் போட்ட வரி பென்சில்வேனியாவின் மேற்கு மலைகளில் 1794இல் மறுபடி ஒரு கலகத்தைக் கிளப்பியது. இம்முறை அரசுக்குப் பணமும் படையும் இருந்தன. சுமார் 13,000 காவற்படையினர் கிளம்ப, பெரிய சண்டை எதுவுமின்றி அது அடங்கியது. துரோகக் குற்றம் உறுதியான இருவரையும் வாஷிங்டன் மன்னித்தார்.

போர் முடிந்து 35 ஆண்டு கழித்து, 1818இல், வறிய நிலையில் இருந்த பழைய வீரர்களுக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் வந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் கேட்டதால் 1820இல் விதியை இறுக்கினார்கள். கிழவர்கள் நீதிமன்றத்துக்கு வந்து, தங்களிடம் இருக்கும் மாடு, பானை, கோடரி, நாற்காலி வரை சொத்துப் பட்டியலை உறுதிமொழியோடு கொடுத்து ஏழ்மையை நிரூபிக்க வேண்டும்.

எதை மாற்றியிருக்கலாம்

வரி போட முடியாத அரசு, கடனில் போர் நடத்துவதைத் தவிர்த்திருக்க முடியாது; அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. மாசசூசெட்ஸ் எடுத்த முடிவைக் குறை சொல்லலாம். அதே ஆண்டுகளில் ஏழு மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிட்டன. ரோடு ஐலண்டில் அது குழப்பமானது உண்மை, ஆனால் நியூயார்க்கில் ஓரளவு நன்றாகவே ஓடியது. வரித் தவணையை நீட்டி, பொருளாகவோ சீட்டாகவோ வரி கட்ட விட்டிருந்தால் ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த நான்கு பேர் செத்திருக்கமாட்டார்கள். கலகத்துக்குப் பின் எப்படியும் தளர்த்தத்தான் செய்தார்கள்.

1790 வாக்கெடுப்பில் ஹாமில்டன் தரப்பின் ஒப்பந்த வாதத்தை நான் ஏற்கிறேன், நடைமுறை வாதத்தை ஏற்கவில்லை. முதல் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாது என்றார்கள். இறுதிக் கணக்குச் சீட்டுகள் வீரன் பெயரில் எழுதிப் பதிவேட்டில் ஏற்றப்பட்டவை. 1818இல் அதே நாடு பழைய படைப் பட்டியல்களைத் தூசி தட்டி எடுத்துத்தான் யார் உண்மையான வீரன் என்று சரிபார்த்தது. வாங்கியவரின் ஒப்பந்தத்தைத் தொடாமலே, விற்று நட்டப்பட்ட வீரனுக்குத் தனியாக ஒரு தொகையை, அவன் திடமாக இருந்து நிலத்தை மீட்கக்கூடிய வயதில், 1790இலேயே கொடுத்திருக்கலாம்.